நேர்முகப் பரீட்சைக்கு முதல் பைலைத் திறந்து பாருங்கள்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நேர்முகப் பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளின் பெரிய கவலை, "என்ன கேட்பாங்க?" என்பதுதான். அரச வேலையில் வாய்ப்புக் கைநழுவுவது பெரும்பாலும் கேள்வியில் அல்ல, கடதாசியில்.

அழைப்புக் கடிதம் வந்ததும் வர்த்தமானி அறிவித்தலை மறுபடி எடுத்து வாசியுங்கள். பொது நேர்முகம் என்றால் புள்ளி கிடையாது. தகைமையைச் சரிபார்ப்பதோடு முடிந்துவிடும். கட்டமைக்கப்பட்ட நேர்முகம் என்றால் புள்ளித் திட்டம் ஒன்று இருக்கும்: மேலதிகத் தகைமை, அனுபவம், மொழி, கணினி என்று ஒவ்வொன்றுக்கும் உச்சப் புள்ளி. சான்றிதழ்களையும் அதே வரிசையில் அடுக்குங்கள். ஒவ்வொரு மூலப்பிரதிக்கும் பின்னால் அதன் போட்டோ கொப்பி. கடதாசி இல்லாத கட்டத்துக்குப் புள்ளியும் இல்லை. "நாளைக்குக் கொண்டுவந்து தாறன் சேர்" என்பதை நம்பிப் போகாதீர்கள்.

அதிகம் பேர் சறுக்குவது திகதியில். பெரும்பாலான அறிவித்தல்கள், விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முன்பே தகைமை பூர்த்தியாகியிருக்க வேண்டும் என்று சொல்கின்றன. முடிவுத் திகதி மாதம் 15, உங்கள் டிப்ளோமா அமுலாகும் திகதி (தகைமை பூர்த்தியானதாகக் கொள்ளப்படும் நாள்) 20 என்றால், நேர்முகத்தன்று சான்றிதழ் கையில் இருந்தும் பலனில்லை.

அடுத்தது பெயர். அடையாள அட்டையில் 'தவராசா', சாதாரண தரச் சான்றிதழில் 'தவராஜா'. ஒன்றில் 'முஹம்மது', மற்றதில் 'மொஹமட்'. நமக்கு இது ஒரே ஆள்தான். சரிபார்ப்பவருக்கு இரண்டு பெயர். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பரீட்சைச் சான்றிதழ்கள் மூன்றையும் மேசையில் பரப்பி, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடித்து வையுங்கள். முதல் நாள் இரவு கண்டுபிடித்தால் ஓடித்திரிய நேரமிராது.

சேவைச் சான்றிதழ் நிறுவனத்தின் கடிதத் தலைப்பில், பதவி, சேர்ந்த திகதி, விலகிய திகதி, கையொப்பம், முத்திரையோடு இருக்க வேண்டும். "மிகவும் நேர்மையானவர்" என்று புகழ்ந்து திகதி போடாத கடிதத்தை வைத்து அனுபவ வருடத்தைக் கணக்கிட முடியாது.

மாகாண சபைப் பதவி என்றால் நேர்முகம் திருகோணமலையில் நடக்கலாம். பொத்துவில், திருக்கோவில் பக்கத்துப் பிள்ளைகள் முதல் நாளே போய்த் தங்குவது நல்லது. பஸ்ஸில் கசங்கிய சேர்ட்டோடும் தூக்கக் கண்ணோடும் நேர்முகச் சபைக்கு முன் போய் இருக்க வேண்டாமே.

தனியார் துறை வேறு மாதிரி. பாசிக்குடா ஹோட்டலோ நகர வங்கியோ, "உங்களைப் பற்றிச் சொல்லுங்க" என்றுதான் தொடங்குவார்கள். ஊர், பள்ளிக்கூடம், அப்பாவின் தொழில் என்று ஒப்புவிக்காமல், செய்த வேலை ஒன்றை ஒரு நிமிடத்துக்குள் சொல்லுங்கள்: எத்தனை பேருக்குப் பில் போட்டீர்கள், எந்த மென்பொருளில், கணக்கு முட்டாத நாளில் என்ன செய்தீர்கள். சிங்களம் பேசத் தெரியும், எழுத வராது என்றால் அப்படியே சொல்லுங்கள். மறைத்தால் அடுத்த கேள்வியே சிங்களத்தில் வந்துவிடும்.

சம்பளம் பேசும்போது, சொல்கிற தொகை அடிப்படையா, கொடுப்பனவுகளும் சேர்த்தா என்று கேட்கத் தயங்காதீர்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12. ஊழியர் நம்பிக்கை நிதிக்கான 3 வீதமும் அவருடையது, உங்கள் சம்பளத்தில் கழிக்கக் கூடாது. 50,000 ரூபாய் அடிப்படை என்றால் உங்கள் பங்காக 4,000 கழியும்.