மீட்டர் சொல்லாத வயது: பூட்டிய வீட்டுக் காரும் டைமிங் பெல்ட்டும்

போன தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்குப் போன் வந்தது.

"அண்ணே, பிள்ளையார்பட்டி போயிட்டிருந்தோம். குன்றக்குடிகிட்ட வண்டி அப்படியே நின்னுருச்சு. செல்ஃப் நல்லாத்தான் அடிக்குது, ஸ்டார்ட்தான் ஆக மாட்டேங்குது."

பேசியவர் சென்னையில் வேலை பார்க்கும் தம்பி. கானாடுகாத்தானில் பூர்வீக வீடு. வருடத்தில் ஒன்பது, பத்து மாதம் பூட்டியே கிடக்கும். கல்யாணம், படைப்பு (முன்னோருக்குப் படைக்கும் குடும்ப வழிபாடு) என்றால்தான் திறப்பார்கள். கார் வீட்டுக் கொட்டகையிலேயே நிற்கும்.

"போனை இஞ்சின் பக்கத்துல வச்சுக்கிட்டு ஒரே ஒரு தடவை செல்ஃப் அடிங்க தம்பி" என்றேன்.

நல்ல இஞ்சினில் செல்ஃப் அடித்தால் சத்தம் ஏறி இறங்கி வரும். ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை அமுக்கும்போது மோட்டார் ஒரு கணம் திணறும், பிறகு விடும், மறுபடி திணறும். அன்று போனில் கேட்டது அப்படி இல்லை. தையல் மிஷின் சும்மா ஓடுவதுபோல, எந்தத் திணறலும் இல்லாமல் ஒரே சீராக 'விர்ர்ர்' என்று ஓடியது. இஞ்சினுக்குள் அமுக்கமே இல்லை என்று அர்த்தம். "போதும் தம்பி, சாவியை எடுத்துருங்க. இனிமே ஒரு தடவைகூட அடிக்காதீங்க" என்றேன். அதற்குள் பத்துப் பன்னிரண்டு தடவை அடித்துவிட்டார்கள். மூன்றாவது கியரில் போட்டு நாலு பேர் தள்ளியும் பார்த்திருக்கிறார்கள்.

வண்டியை ஏற்றிக்கொண்டு வந்து பட்டறையில் இறக்கினோம். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றினால் அந்த ஓட்டை வழியாகக் கேம் ஷாஃப்டின் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) ஒரு மேடு தெரியும். கீழே கிராங்கில் (பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டு) ஸ்பேனர் போட்டு, என் பையன் கையால் அரை அங்குலம், ஒரு அங்குலம் என்று மெல்லத் திருப்பினான். நான் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கிராங்க் சுற்றினால் டைமிங் பெல்ட் கேமையும் சுற்ற வேண்டும். மேடு அசையவில்லை. பெல்ட் கவரைக் கழற்றினோம். பெல்ட் அறுந்து தொங்கவில்லை, வட்டமாக அப்படியே இருந்தது. ஆனால் ஒரு சாண் நீளத்துக்கு அதன் பற்கள் மொத்தமும் உதிர்ந்து, கவருக்கு அடியில் கறுப்பு மிளகு கொட்டியதுபோல் கிடந்தன. பெல்ட்டின் முதுகை மடக்கிப் பார்த்தால் வெயிலில் காய்ந்த கண்மாய்த் தரைபோல வெடிப்பு.

கூட வந்த ஆச்சி மீட்டரைக் காட்டிக் கேட்டார்கள்: "முப்பத்தோராயிரம்தானே ஓடியிருக்கு, அதுக்குள்ளயா போகும்?"

ஆச்சி கேட்டது நியாயமான கேள்வி. இந்தக் கட்டுரையே அதற்கான பதில்தான். அந்த பெல்ட்டுக்கு வயது 11. ஷோரூமிலிருந்து வந்தபோது இருந்த அதே பெல்ட்.

ஒரு பெல்ட் போனால் இஞ்சினே ஏன் போகிறது என்று புரிய, உள்ளே நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் மேலே இரண்டு வகைக் கதவுகள். காற்றும் பெட்ரோலும் உள்ளே வர இன்லெட் வால்வு, எரிந்த புகை வெளியே போக எக்சாஸ்ட் வால்வு. பிஸ்டன் இறங்கி இழுக்கும், ஏறி அமுக்கும், எரிந்த வேகத்தில் இறங்கும், ஏறிப் புகையைத் தள்ளும். இந்த நாலு வேலைக்குக் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றுகிறது. அதே நேரத்தில் கேம் ஷாஃப்ட் ஒரே சுற்று. கேமில் இருக்கும் மேடு வந்து அழுத்தினால் வால்வு திறக்கும், மேடு நகர்ந்ததும் ஸ்பிரிங் மூடிவிடும். கிராங்கையும் கேமையும் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் கட்டிப்போட்டிருப்பதுதான் டைமிங் பெல்ட், அல்லது டைமிங் செயின்.

காரைக்குடியிலிருந்து திருச்சிக்கு ஒன்றரை மணி நேரம், சராசரி 2,500 ஆர்.பி.எம்.மில் ஓட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வால்வும் அந்த ஒரு பயணத்தில் 1,00,000 தடவைக்கு மேல் திறந்து மூடியிருக்கும். ஒரு தடவைகூட முன்பின் ஆகக் கூடாது.

இதில் 'டைமிங்' என்பதுதான் நுணுக்கமான இடம். பிஸ்டன் கீழே இறங்க ஆரம்பிக்கும்போது இன்லெட் திறந்து, கீழே சேர்ந்ததும் மூடிவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்படிச் செய்தால் இஞ்சினுக்கு மூச்சு முட்டும். 3,000 ஆர்.பி.எம்.மில் பிஸ்டன் ஒருமுறை இறங்குவதற்கு ஆகும் நேரம் ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு. கதவு திறந்து முடிப்பதற்குள் வேளை முடிந்துவிடும். அதனால் இன்லெட் வால்வு பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சில டிகிரி முன்பே திறக்கத் தொடங்குகிறது. பிஸ்டன் அடிக்குப் போய்த் திரும்பி ஏற ஆரம்பித்த பிறகும், பல இஞ்சின்களில் 40, 50 டிகிரி வரைக்கும், திறந்தே இருக்கிறது. பிஸ்டன் ஏறும்போது காற்று வெளியே போய்விடாதா? நல்ல வேகத்தில் ஓடும்போது பெரும்பாலும் போகாது. பந்திக்குக் கூட்டம் நுழைகிறபோது முன்னால் இருப்பவர் நின்றாலும் பின்னால் வருகிறவர் வேகம் தள்ளிக்கொண்டே இருக்குமே, ஓடி வருகிற காற்றும் அப்படித்தான். அந்தத் தள்ளு தீரும் நேரம் பார்த்துக் கதவை மூட வேண்டும்.

எக்சாஸ்ட் வால்வும் இப்படித்தான் முன்கூட்டித் திறந்து, தாமதமாக மூடும். ஆகவே புகை போய் முடிந்து புதுக் காற்று வர ஆரம்பிக்கும் அந்தச் சில டிகிரிக்கு இரண்டு வால்வும் சேர்ந்தே திறந்திருக்கும். நம் பக்கத்து வீடுகள் ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்கட்டு என்று நீண்டு கிடப்பவை. இரண்டு பக்கக் கதவையும் திறந்து வைத்தால் வளவு முழுக்கக் காற்று ஓடும். பின்வாசல் வழியாகப் போகிற காற்று முன்வாசல் காற்றை இழுத்துக்கொண்டு வரும். இஞ்சினில் நடப்பதும் அதேதான்.

இவ்வளவு நுணுக்கமான கணக்கில் பெல்ட் ஒரே ஒரு பல் தவறினால் என்ன ஆகும்? கிராங்க் சக்கரத்தில் 20 பல் இருந்தால், ஒரு பல் என்பது 18 டிகிரி. வண்டி ஓடும், ஆனால் இழுக்காது. ஐடிலிங் நடுங்கும், ஏற்றத்தில் திணறும், பெட்ரோல் குடிக்கும். பிளக் மாற்றி, இன்ஜெக்டர் கழுவி, சென்சார் மாற்றி, பணத்தை எல்லாம் கொட்டிய பிறகு என்னிடம் வந்த வண்டிகள் உண்டு. டைமிங் மார்க்கை, அதாவது கிராங்க், கேம் சக்கரங்கள் சரியாகப் பொருந்தியிருப்பதைக் காட்டும் அடையாளத்தை, பார்க்க ஒரு மணி நேரம்கூட ஆகாது. அதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

மொத்தப் பல்லும் உதிர்ந்தால் கதை வேறு. கிராங்க் வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும், கேம் நின்றுவிடும். நின்ற இடத்தில் சில வால்வுகள் திறந்தபடி சிலிண்டருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். இன்றைய இஞ்சின்களில் பெரும்பாலானவற்றில் பிஸ்டனும் வால்வும் ஒரே இடத்தைத்தான் வெவ்வேறு நேரத்தில் பயன்படுத்துகின்றன. டீசலில் இடைவெளி இன்னும் குறைவு. கணக்குத் தவறினால் பிஸ்டன் வந்து வால்வின் தலையில் மோதும்.

அந்த வண்டியின் ஹெட்டை (வால்வுகள் இருக்கும் இஞ்சினின் மேல்பகுதி) இறக்கி 16 வால்வையும் எடுத்தேன். ஆத்தங்குடிக் கல் வார்ப்பவர் ஒருவரிடம் வாங்கிய தடித்த கண்ணாடித் துண்டு ஒன்று என் மேஜையில் உண்டு. அதைவிடச் சமமான தளம் எனக்கு வேறு கிடைக்கவில்லை. வால்வின் தண்டை அதன்மேல் வைத்துத் தலையை ஓரத்துக்கு வெளியே விட்டு உருட்டினால், நேரான வால்வு சத்தமில்லாமல் உருளும். வளைந்தது 'டக் டக்' என்று தட்டும், தலை கோணிக்கொண்டு சுற்றும். ஆறு வால்வு தட்டியது. தம்பியும் பக்கத்தில் நின்று கேட்டார். அதில் எத்தனை வண்டி நின்ற கணத்திலேயே வளைந்தவை, எத்தனை பிறகு செல்ஃப் அடித்தும் தள்ளியும் வளைந்தவை என்று யாராலும் சொல்ல முடியாது. பெல்ட்டைக் காலத்தில் மாற்றியிருந்தால் ஆகியிருக்கும் செலவைப்போல ஆறேழு மடங்கு பில் ஆனது. பில்லை எழுதிக் கொடுக்க எனக்கே கை வரவில்லை.

பெல்ட் என்பது ரப்பரும், உள்ளே கண்ணாடி நாரும். ஓடினால் மட்டும் தேயும் பொருள் இல்லை. நம் ஊர் வெயிலில், தகரக் கொட்டகைக்குள், ஒரே வளைவில் மாதக்கணக்கில் நின்றாலும் ரப்பர் இறுகும். கசியும் ஆயில் பட்டால் ஊறும். அதனால்தான் கம்பெனிகள் கிலோமீட்டரோடு வருடத்தையும் சேர்த்தே கணக்குச் சொல்கின்றன. பல இஞ்சின்களுக்கு 60,000 முதல் 1,00,000 கிலோமீட்டர், அல்லது 4 முதல் 6 வருடம், எது முதலில் வருகிறதோ அது. உங்கள் வண்டிக்கான எண்ணிக்கை வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். அதையே பின்பற்றுங்கள். சென்னையில் தினம் ஓடும் வண்டிக்கு முதலில் வருவது கிலோமீட்டர். இங்கே பூட்டிய வீட்டு வண்டிக்கு முதலில் வருவது வருடம். அதை யாரும் எண்ணுவதில்லை. வாரம் ஒருமுறை வாட்ச்மேன் வந்து ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி அணைப்பது பேட்டரிக்கே போதாது, பெல்ட்டின் வயதை அது ஒருநாளும் குறைக்காது. பெல்ட்டில் ஓடும் இஞ்சினை ஐந்து வருடமாகத் தொடாமல் வைத்திருந்தால், அடுத்த தடவை ஊருக்கு வருவதற்கு முன்பே ஆள் அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். வந்து இறங்கிய அன்றே கோயிலுக்குக் கிளம்பாதீர்கள்.

உங்கள் வண்டியில் பெல்ட்டா, செயினா என்று தெரிந்துகொள்ளுங்கள். பழைய அம்பாசிடரில் கேம் கீழே பிளாக்கிலேயே இருக்கும், புஷ் ராடு வழியாக மேலே தள்ளும், சின்னச் செயின். மாருதி 800-இல் பெல்ட். அதே மாருதியின் கே-சீரிஸ் பெட்ரோலில் செயின். பழைய இன்னோவாவின் 2.5 லிட்டர் டீசலில் பெல்ட். செயின் என்றால் கவலையே வேண்டாம் என்று நினைக்கிறவர்கள் அதிகம். செயினை இழுத்துப் பிடிப்பது பெரும்பாலும் ஆயில் பிரஷரில் வேலை செய்யும் டென்ஷனர். வி.வி.டி. (வேரியபிள் வால்வ் டைமிங்) வந்த இஞ்சின்களில், வேகத்துக்குத் தக்கபடி கேமைச் சில டிகிரி முன்னும் பின்னும் திருப்புவதும் பெரும்பாலும் அதே ஆயில்தான். ஆயில் தார்போல ஆகிவிட்டால் அதன் மெல்லிய வழிகள் அடைத்துக்கொள்ளும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஓரிரு விநாடி சங்கிலி உரசும் சத்தம் கேட்டால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

இன்னொன்று, இது காஸில் ஓடும் வண்டிக்காரர்களுக்கு. டாப்பெட் (வால்வை அழுத்தும் பாகம்) சத்தம் கேட்டால் எல்லோரும் பயப்படுகிறார்கள். நான் அதிகம் பயப்படுவது சத்தமே வராத இஞ்சினுக்குத்தான். வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவில், பல இஞ்சின்களில், 0.2 மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி வேண்டும். இரண்டு தாள் கனம். இடைவெளி கூடினால் தட்டும், காதுக்குத் தெரியும். குறைந்து இல்லாமலே போனால் தெரியாது. ஆனால் வால்வு சீட்டில் (மூடும்போது அது பொருந்தும் வளையம்) முழுதாக உட்காராது. எக்சாஸ்ட் வால்வு 700 டிகிரி செல்சியசுக்கு மேலும் சூடாகும். அந்தச் சூடு ஹெட்டுக்கு இறங்குவதே முக்கியமாகச் சீட்டில் உட்காரும் அந்தக் கணத்தில்தான். உட்காரவில்லை என்றால் எரிய வேண்டியதுதான். காஸ் உலர்ந்த எரிபொருள் என்பதால் சீட் சீக்கிரம் தேய்ந்து வால்வு மேலேறும், இடைவெளி தானாக மூடிக்கொள்ளும்.

தேவகோட்டைப் பக்கம் ஸ்கூல் வேன் ஓட்டும் அண்ணன் ஒருவர், "இப்பல்லாம் டாப்பெட் சத்தமே இல்ல, இஞ்சின் சூப்பரா இருக்கு, பிக்கப்தான் கொஞ்சம் கம்மி" என்று வந்தார். இடைவெளி அளக்கும் 0.05 மில்லிமீட்டர் பிளேடுகூட உள்ளே போகவில்லை. மூன்றாவது சிலிண்டரில் கம்ப்ரஷன் (அமுக்கம்) மற்றதில் பாதி. பிளக் ஓட்டையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தேன். ஆயில் விட்டதும் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு. ஏறவில்லை. சிலிண்டருக்குள் காற்று ஏற்றிக் காதை வைத்தால் சைலன்சர் குழாயில் சீறியது. எடுத்த எக்சாஸ்ட் வால்வு, ஓரத்தில் ஒரு கடி கடித்த தட்டை மாதிரி இருந்தது. இடைவெளியை மட்டும் நேரத்துக்குச் சரிபார்த்திருந்தால் அரை நாள் வேலையோடு போயிருக்கும். இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டாப்பெட் இல்லாத வண்டியைக் காஸில் ஓட்டுகிறவர்கள், புத்தகத்தில் சொன்ன காலத்துக்கும் முன்னாலேயே இதைப் பாருங்கள்.

பெல்ட் மாற்றும்போது டென்ஷனர், ஐட்லர் பேரிங் (பெல்ட்டைத் தாங்கிச் சுற்றும் சக்கரம்), முன்பக்க ஆயில் சீல் மூன்றையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். பல இஞ்சின்களில் வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது, அதையும் பாருங்கள். புது பெல்ட் போட்டு ஆறு மாதத்தில் பழைய பேரிங் இறுகிப் பெல்ட்டைக் கெடுத்த வண்டியைப் பார்த்திருக்கிறேன். மாட்டிய பிறகு மெக்கானிக் கையால் கிராங்கை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, மார்க் மறுபடி நேருக்கு நேர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். செல்ஃப் அடிப்பது அதற்குப் பிறகுதான். பக்கத்தில் நின்று பாருங்கள், நல்ல மெக்கானிக் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கானாடுகாத்தான் வண்டி சரியாகிப் போக 18 நாள் ஆனது. பானெட்டின் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, பெல்ட் மாற்றிய மாதமும் வருடமும் எழுதினேன். "கிலோமீட்டரும் எழுதட்டுமா?" என்றேன். "வேணாம்ப்பா, தேதியைப் பெருசா எழுது" என்றார்கள் ஆச்சி.