சிரப்: சாறா, பாகா?

செர்ரி டப்பாவில் பழம் தீர்ந்த பிறகு அடியில் நிற்கும் சிவப்புத் திரவத்துக்கு சிரப் என்று பெயர். இருமலுக்குக் குடிப்பதும் சிரப்தான், ஐஸ்கிரீம்மேல் ஊற்றுவதும் சிரப்தான். தண்ணீராக ஓடுவது, கரண்டியை விட்டு இறங்க மறுப்பது எல்லாவற்றுக்கும் இந்த ஒரே சொல் போதும் என்று விட்டுவிட்டோம். மிச்சத்தை எடுத்துவைக்கும்போதுதான் இது இடிக்கிறது. ஓடும் சிரப் சில நாளில் கெட்டுவிடும், கெட்டி சிரப் பல வாரம் நிற்கும்.

சொல்லின் வேர் அரபி. அதில் 'ஷரிப' என்றால் குடித்தான், 'ஷராப்' என்றால் குடிக்கும் பொருள். இடைக்கால லத்தீனில் இது 'சிருப்பஸ்' ஆனது, பழைய பிரெஞ்சில் 'சிரோப்', அங்கிருந்து ஆங்கிலம் வழியாக நம்மிடம். சர்பத்தும் இதே வேர்தான். அது பாரசீகம், துருக்கி வழியாகப் பரவியது. உருதுவிலும் இந்தியிலும் ஷராப் என்றால் மது. ஆக மருந்துக் குப்பி, சர்பத் டம்ளர், மதுக் கோப்பை மூன்றும் ஒரு வேரின் பிள்ளைகள். இந்த வேரில் சர்க்கரையும் இல்லை, கெட்டித்தன்மையும் இல்லை. குடிப்பது என்பது மட்டுமே இருக்கிறது.

தமிழ்ச் சொல் பாகு. இது அடுப்பிலிருந்து வந்த பெயர். சர்க்கரையோ வெல்லமோ நீரில் கரைந்து, கொதித்து, ஒரு பதத்துக்கு வந்தால்தான் பாகு. வெறுமனே கரைந்து கிடந்தால் அது சர்க்கரைத் தண்ணீர். பிசுக்குப் பதம், கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்று பாகின் ஒவ்வொரு நிலைக்கும் தனிப்பெயர் உண்டு. சொல்லும் புதிதல்ல: நல்வழியின் கடவுள் வாழ்த்தில் ஔவையார் 'பாலும் தெளிதேனும் பாகும் பருப்பும்' என்கிறார். சித்த மருத்துவத்தில் சிரப் வடிவ மருந்துக்கு மணப்பாகு என்று பெயர். ஆடாதோடை மணப்பாகு பலருக்குத் தெரிந்ததே. ஈழத் தமிழில் பாணி என்பார்கள், இருமல் சிரப் அங்கே பாணி மருந்து.

அப்படியானால் செர்ரி சிரப்புக்கு செர்ரிப் பாகு சரியான சொல். 'செர்ரிச் சாறு' என்று சிலர் எழுதுவது தவறு. சாறு பழத்தைப் பிழிந்தால் வருவது. செர்ரிக்கே சேலாப்பழம் என்று ஒரு கலைச்சொல் இருக்கிறது, ஆனால் அதைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் விளக்கமும் எழுத வேண்டியிருக்கும். செர்ரியே போதும். ஆங்கிலம்கூட அதைக் கடன்தான் வாங்கியது: கிரேக்கத்தில் 'கெராசோஸ்', வடபிரெஞ்சில் 'செரீஸ்'. கடைசி ஒலியைப் பன்மை விகுதி என்று நினைத்து வெட்டி எறிந்ததில் பிறந்ததுதான் 'செர்ரி'.

இனி அந்த டப்பாவுக்கு வருவோம். அதில் இருப்பது பெரும்பாலும் பாகே அல்ல. லைட் சிரப் என்று எழுதியிருந்தால் அது பழத்தின் சாயமும் புளிப்பும் இறங்கிய சர்க்கரைத் தண்ணீர். (ஊறல் என்று அழகாகச் சொல்லலாம்தான், ஆனால் காதில் சாராய ஊறல் என்று விழும்.) திறந்த டப்பாவிலேயே விடாமல் சுத்தமான கண்ணாடிப் பாட்டிலுக்கு மாற்றி, ஃபிரிட்ஜில் வைத்து 5 முதல் 7 நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். குமிழி வந்தாலோ, புளித்த வாடை அடித்தாலோ, மேலே பூஞ்சணம் தெரிந்தாலோ மொத்தமாகக் கொட்டிவிடுங்கள். மேலாக எடுத்துப் போட்டுவிட்டு மீதியைப் பயன்படுத்துகிற வேலை வேண்டாம்.

அதிக நாள் நிற்க வேண்டுமானால் பாகாக்க வேண்டும். அகலமான பாத்திரத்தில் ஊற்றி, மிதமான தீயில் வற்றவிடுங்கள். முதலில் பெரிய குமிழிகள் வந்து சட்சட்டென்று உடையும். நீர் குறையக் குறைய குமிழி சிறுத்து, நுரைபோல் நெருங்கி, மெதுவாக உடையும். அப்போது கரண்டியை முக்கி எடுத்து, அதன் முதுகில் விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு மூடாமல் நின்றால் அடுப்பை அணைத்துவிடலாம். ஆறினால் இன்னும் கெட்டியாகும் என்பதால் கம்பிப் பதம் வரை போக வேண்டாம். போனால் சர்க்கரை பூத்துக் கட்டிதட்டிவிடும். சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் அந்தத் தொல்லை குறையும்.

கெட்டியானால் ஏன் கெடுவதில்லை? சர்க்கரை நீரைப் பிடித்துவைத்துக்கொள்வதால் கிருமிகள் வளர ஈரம் கிடைப்பதில்லை. சாதாரணச் சர்க்கரையை, அறை வெப்பத்தில், எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வரைதான் நீரில் கரைக்க முடியும். மருந்துத் தயாரிப்பிலும் அதைக் கணக்கில் எடுத்துத்தான் போகிறார்கள்: பிரிட்டிஷ் மருந்துக் கையேட்டின்படி சாதா சிரப்பில் சர்க்கரை 66.7 சதவீதம். வீட்டில் அளந்து பார்க்க வழியில்லை என்பதால், பாகாக்கியதையும் ஃபிரிட்ஜிலேயே வையுங்கள், ஈரக் கரண்டி போடாதீர்கள். ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைப்பது இன்னும் நல்ல வழி. சர்க்கரை அதிகம் என்றால் கல்லாக இறுகாது, கொஞ்சம் மெத்தென்றே இருக்கும். அது கெட்டுப்போனதன் அறிகுறி அல்ல.

செலவழிக்க வழி தேட வேண்டியதில்லை. நீர்த்திருப்பது சோடாவுக்கும் எலுமிச்சைச் சாற்றுக்கும் பொருத்தம், கேக் அடுக்கை நனைக்கவும் அதுவே நல்லது. கெட்டிப் பாகு தயிர்மேல், ஐஸ்கிரீம்மேல் போகட்டும். இரண்டுக்கும் நடுவில் சாஸ் வேண்டுமென்றால், ஒரு கப் சிரப்புக்கு ஒரு மேசைக்கரண்டி சோளமாவை (கார்ன்ஃப்ளார்), குளிர்ந்த நீரில் கரைத்து ஊற்றிக் கொதிக்கவிட்டால் போதும். ஜாடியில் வரும் கடும்சிவப்பு மராஸ்கினோ செர்ரி சிரப்பில் இனிப்பும் நிறமும் தூக்கலாக இருக்கும். அதைக் கொஞ்சமாக விடுங்கள், செய்முறையில் சர்க்கரையையும் குறையுங்கள்.

கேக் மாவிலேயே கலப்பதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. செர்ரியின் இயற்கைச் சிவப்பு ஆந்தோசயனின் என்ற நிறமி. புளிப்பில் சிவக்கும், காரத்தன்மையில் நீலம் கொள்ளும். சமையல் சோடா போட்ட மாவில் இந்த சிரப்பை ஊற்றினால் இளஞ்சிவப்பு கேக்குக்குப் பதில் சாம்பல் நீலக் கேக் வெளியே வரும். அதனால் பேக்கிங் பவுடருக்கு மாறுங்கள், கூடவே ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறும் விடுங்கள். செயற்கைச் சாயம் ஏற்றிய ஜாடி சிரப்புக்கு இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை.