லெட்டர் ஓப்பனர் செய்ய ஆசைப்படுகிறவர்கள் பட்டறையில் கவனிக்க வேண்டியது

லெட்டர் ஓப்பனர், அதாவது கடித உறையைப் பிரிக்கும் மழுங்கல் கத்தி, செய்யக் கற்றுக்கொள்ள என் பட்டறைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, எவ்வளவு கூராகத் தீட்ட வேண்டும் என்பதைத்தான். தீட்டவே வேண்டாம் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். உறையின் மடிப்புக்குள் நுழையும் அளவுக்கு முனை மெலிந்திருக்க வேண்டும், விளிம்பில் விரலை வைத்து இழுத்தால் கீறாத அளவுக்கு மழுங்கல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கூராக்கினால் உள்ளே இருக்கும் கடிதத்தையும் சேர்த்து அறுத்துவிடும். ஆக, செய்து முடித்த பொருளின் விளிம்பு கையைக் கீறிவிடும் என்ற பயம் கிடையாது. அதைச் செய்கிற இரண்டு மூன்று நாளில்தான் ஆபத்து அத்தனையும் இருக்கிறது. வீடியோ பார்த்துவிட்டு மொட்டை மாடியில் ஒரு கிரைண்டரோடு உட்கார்ந்துவிடுகிற தம்பி தங்கைகள் இப்போது நிறைய இருப்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் பஃபிங் சக்கரம், அதாவது மோட்டாரில் சுற்றி மெருகேற்றும் துணிச் சக்கரம். வெறும் துணிதானே என்று தோன்றும். 8 அங்குலத் துணிச் சக்கரம் நிமிடத்துக்கு 2,800 சுற்று சுற்றினால் அதன் ஓரம் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. நம் ஓப்பனரோ நீளமாக, மெலிசாக, ஒரு பக்கம் முனையோடு இருக்கிறது, சக்கரம் பிடுங்கிக்கொள்ள இதைவிடத் தோதான வடிவம் வேண்டாம். தொழிலுக்கு வந்த புதிதில் ஒருநாள் அவசரத்தில் முனையை மேல்பக்கமாகக் காட்டிப் பிடித்துவிட்டேன். கையில் இருந்தது எப்போது போனது என்றே தெரியவில்லை, தரையில் மோதித் திரும்பி வந்து கெண்டைக்காலில் குத்தியது. நாலு தையல். அதே பித்தளைத் துண்டு முகத்துக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைப்பேன்.

சக்கரத்தின் முன்பக்கம் மேலிருந்து கீழாகச் சுற்ற வேண்டும். பொருளைச் சக்கரத்தின் நடுமட்டத்துக்குக் கீழேதான் பிடிக்க வேண்டும், சக்கரத்தில் படுகிற பாதியின் நுனி எப்போதும் தரையைப் பார்த்தபடி. நடுவிலிருந்து முனைவரை மெருகேற்றி முடித்த பிறகு, பொருளைத் திருப்பிப் பிடித்து மறுபாதியை முடிக்கலாம். சூடு பொறுக்கவில்லை என்று கையுறையோ துணியோ சுற்றிப் பிடிக்காதீர்கள், சக்கரம் துணியைப் பிடித்தால் விரலும் கூடவே போகும். பக்கத்தில் ஒரு குவளைத் தண்ணீர் வைத்து முக்கி முக்கி எடுங்கள். துப்பட்டா, முந்தானை, கழுத்துச் சங்கிலி, முழுக்கைச் சட்டை எதுவும் அந்தப் பக்கம் வரக் கூடாது.

கையில் பிடித்து இரும்பு அறுக்கவும் தேய்க்கவும் உதவும் ஆங்கிள் கிரைண்டரைப் பற்றி ஒன்றே ஒன்று. 4 அங்குல மெஷின் நிமிடத்துக்கு 11,000 சுற்று வரை ஓடும். அதில் காப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு, பல் வைத்த மரம் அறுக்கும் பிளேடை மாட்டிக் கைப்பிடிக் கட்டையை அறுப்பதைப் பலரிடம் பார்க்கிறேன். பல் கட்டையில் மாட்டினால் மெஷின் உங்கள் மேல்தான் பாயும். ஒரு சாண் நீளக் கட்டைக்கு மெஷினே தேவையில்லை, கைரம்பம் போதும், பத்து நிமிடம் கூட ஆகாது.

இதெல்லாம் உடனே தெரிகிற காயம். எனக்கு அதிகக் கவலை தருவது தூசி. ஏனென்றால் அது அன்றைக்கு வலிப்பதில்லை. கைப்பிடிக்கு எல்லாரும் கேட்பது ஈட்டி மரம், இல்லாவிட்டால் கருங்காலி. அழகான மரங்கள்தான், பித்தளையோடு சேர்ந்தால் கண்ணை எடுக்க முடியாது. ஆனால் ஈட்டியில் இருக்கும் சில இயற்கை ரசாயனங்கள் தோலுக்கு ஒவ்வாமையைக் கொண்டுவரும். எனக்கு முதல் ஆறு வருடம் ஒன்றும் செய்யவில்லை, ஏழாவது வருடம் ஒரு மழைக்காலத்தில் மணிக்கட்டும் கண் இமையும் தடித்துச் சிவந்தன. தோல் மருத்துவர்தான் மரத்தூள் என்று கண்டுபிடித்தார். ஒருமுறை உடம்பு பழகி எதிர்க்க ஆரம்பித்துவிட்டால் அப்புறம் சிட்டிகைத் தூளுக்கே தடிக்கும். இப்போது எனக்குப் பூவரசும் வேம்பும்தான், அதற்கும் முகக்கவசத்தோடுதான் உட்காருவேன்.

எந்த மரமாக இருந்தாலும் சரி, மரத்தூள் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே முதல் பிரிவில் வைத்துவிட்டது. பாதிக்கப்படுவது மூக்கின் உட்பகுதியும் அதைச் சுற்றியுள்ள காற்றறைகளும். வருடக்கணக்கில் சுவாசிக்கிறவர்களுக்குத்தான் பெரிய ஆபத்து, இரண்டு ஓப்பனர் செய்துவிட்டு நிறுத்துகிறவர் பயந்து நடுங்க வேண்டியதில்லை. ஆனால் தொழிலாக எடுக்கப்போகிறவர் முதல் நாளே பழக வேண்டும். வாயில் துண்டு கட்டுவது போதாது, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய தூள்தான் நுரையீரல்வரை போகிறது, அது துணி இடுக்கில் தாராளமாக நுழையும். என்95 கவசம் கன்னத்தோடு ஒட்டி நிற்க வேண்டும், தாடி இருந்தால் ஒட்டாது. வாழைப்பழமும் வெல்லமும் சாப்பிட்டால் தூசி இறங்கிவிடும் என்று எனக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். அவை வயிற்றுக்குப் போகின்றன, தூசி இருப்பது மூச்சுக்குழாயில்.

பெயர் தெரியாத காட்டுக்கட்டையைக் கொண்டுவந்து இழைக்காதீர்கள். தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் தற்காலிகமாகப் பார்வையே போகும், சேராங்கொட்டை மரம் தோலைக் கொப்பளிக்க வைக்கும்.

பித்தளைக்கு வருவோம். கடைசலுக்கு எளிதாக வரும் பித்தளைக் கம்பியில் ஈயம் 3 சதவீதம் அளவுக்குக் கலந்திருக்கும். அரம் போட்ட கையோடு பஜ்ஜியை எடுத்துத் தின்றால் அது வயிற்றுக்குள் போகிறது. பட்டறைச் சட்டையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கினால் அதற்கும் போகும், சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கு ஈயம் பெரிய கெடுதல். சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டு டீ குடியுங்கள், சட்டையை மாற்றிவிட்டு வீட்டுக்குப் போங்கள். எமரித் தாளைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூள் பறப்பதே குறைந்துவிடும். பித்தளையைக் கேஸ் டார்ச்சில் அளவுக்கு மீறிக் காய்ச்சும்போது வெள்ளைப் புகை வந்தால் அது துத்தநாகம் ஆவியாகிறது என்று அர்த்தம், உடனே தீயை எடுத்துவிட்டு வெளியே போய்விடுங்கள். சுவாசித்துவிட்டால் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் உடம்புவலியும் வரும், ஃப்ளூ என்று நினைத்து மாத்திரை போட்டுப் படுத்துவிடுவோம். மருத்துவரிடம் போனால் அன்றைக்கு என்ன வேலை செய்தீர்கள் என்பதைச் சொல்ல மறக்காதீர்கள்.

கடைசியாகக் கைப்பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் பூசுவோம். பூசிய துணியைக் கசக்கி மூலையில் எறிந்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போகாதீர்கள். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும், கீழே மரத்தூள் கிடந்தால் கேட்கவே வேண்டாம். என் பட்டறைக்கு வெளியே இதற்கென்றே ஒரு கொடிக்கயிறு கட்டியிருக்கிறேன். துணியை ஒற்றையாக விரித்துப் போடுவேன், காய்ந்து விறைத்த பிறகுதான் குப்பைக்குப் போகும்.