சேற்றுநீரின் ஊதாக் கிருமி

ஆய்வகத் தட்டில் வளர்ந்த குரோமோபாக்டீரியம் வயலேசியத்தை ஒருமுறை பார்த்தால் மறக்காது. மற்ற பாக்டீரியாக்கள் பெரும்பாலும் வெள்ளையாகவோ சாம்பலாகவோ படர்ந்து கிடக்கும். இதுவோ ஓரிரு நாளில் நாவற்பழச் சாறு சொட்டிக் காய்ந்தது போலப் பளபளவென்று கருஊதாப் புள்ளிகளாக எழும்பும். போதாக்குறைக்கு ஹைட்ரஜன் சயனைடு வேறு தயாரிக்கும். மோந்து பார்க்கும் ஆசை வேண்டாம்.

வெப்ப நாடுகளின் மண்ணிலும் நன்னீரிலும் வாழும் உயிர் இது. பிரேசிலின் ரியோ நீக்ரோ ஆற்றில் ஏராளம். வளர்வதற்கு 30 முதல் 35 டிகிரி வெப்பம் தோது. பாகூர் பக்கத்து நடவு வயலிலும், ஐப்பசி மழைக்குப் பின் கடலூரில் வடியாமல் நிற்கும் தண்ணீரிலும் ஏறக்குறைய அந்தச் சூடுதான்.

சரி, ஊதா எதற்கு? வயலசீன் என்ற அந்த நிறமியை டிரிப்டோஃபேன் அமினோ அமிலத்திலிருந்து ஐந்து நொதிகள் சேர்ந்து உருவாக்குகின்றன. அது நீரில் கரையாது, செல்லோடேயே தங்கிவிடும். குளத்து நீரில் பாக்டீரியாவைத் தின்றே பிழைக்கும் ஒற்றைச்செல் உயிரிகள் உண்டு. அவை இந்த ஊதாச் செல்லை விழுங்கினால் செத்துப்போகும். ஆனால் ஒரே ஒரு செல் நிறமி தயாரித்து என்ன பயன்? அதனால் ஒவ்வொரு செல்லும் ஒரு சிறு மூலக்கூறை வெளியே கசியவிடுகிறது. கூட்டம் பெருகப் பெருக அதன் அடர்வும் ஏறும். ஓர் அளவைத் தாண்டியதும் அது உள்ளிருக்கும் புரதம் ஒன்றில் போய் ஒட்டும். நிறமிக்கான மரபணுக்கள் வேலையைத் தொடங்கும்.

இந்தக் கணக்கில் மனிதர் எங்குமே இல்லை. முள் குத்திய காலோடும் நத்தை ஓடு கிழித்த விரலோடும் சேற்றில் இறங்குபவர்களில் மிக மிகச் சிலருக்கே இது தொற்றுகிறது. மனிதரிடம் இது முதலில் தெரியவந்தது 1927இல், மலேயாவில். தொற்றிவிட்டால் மட்டும் லேசானதல்ல: புண் வீங்கிச் சீழ் கட்டும், அப்புறம் ரத்தத்தில் கலந்து கல்லீரலிலும் நுரையீரலிலும் சீழ்க்கட்டிகள் வரும், உயிரே போகலாம். வெள்ளணுக்கள் கிருமிகளைக் கொல்ல ஆக்சிஜனிலிருந்து சில வேதிப்பொருட்களை உண்டாக்கும். பிறவியிலேயே அந்தத் திறன் இல்லாதவர்களுக்கு ஆபத்து அதிகம்.

பென்சிலின் வகை மருந்துகள் பெரும்பாலும் இதனிடம் எடுபடாது. சிப்ரோஃப்ளாக்சசின் பொதுவாகக் கேட்கும். புண்ணோடு சேற்றில் நின்றதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வேடிக்கை என்னவென்றால், அஸ்ட்ரியோனாம் என்ற ஆன்டிபயாடிக் பிறக்க வழிகாட்டியதே இந்தப் பாக்டீரியாதான்.

கல்லீரலைச் சிதைப்பது ஊதா நிறமி அல்ல. நம் செல்லுக்குள் தன் புரதங்களைச் செலுத்த இந்தக் கிருமியிடம் தனியாக ஒரு நுண்குழாய் அமைப்பு இருக்கிறது. அதனால்தான் நிறமே இல்லாத வகைகளும் நோய் உண்டாக்குகின்றன. தட்டில் ஊதாவை மட்டுமே தேடும் ஆய்வகம் அவற்றைத் தவறவிட்டுவிடும்.