கிளட்ச் பிளேட் புதுசு, வண்டி மட்டும் ஏன் இழுக்கிறது?

“கிளட்ச் பிளேட் செட்டை நானே வாங்கி மாற்றினேன். இப்போது கிளட்ச்சை முழுக்கப் பிடித்திருந்தாலும் முதல் கியர் விழுந்ததும் பைக் முன்னால் நகரப் பார்க்கிறது. நின்ற இடத்தில் நியூட்ரல் கிடைப்பதே இல்லை. பழைய பிளேட்டில் இந்தத் தொல்லை இல்லையே, புது பிளேட் சரியில்லையா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

பிளேட்டைச் சந்தேகிக்க அவசரப்பட வேண்டாம். பெரும்பாலும் அது நல்ல பிளேட்டாகத்தான் இருக்கும். பழசைவிடத் தடிமனாக இருப்பதிலிருந்தே கதை தொடங்குகிறது.

அடிப்படை தெரிந்ததுதான். கிளட்ச் ஹவுசிங்கை, அதாவது வெளிக்கூட்டை, என்ஜின் சுழற்றுகிறது. நடுவிலுள்ள ஹப் கியர்பாக்ஸோடு சேர்ந்தது. உராய்வுப் பொருள் ஒட்டிய பிளேட்டுகள் ஹவுசிங்கோடும், ஸ்டீல் பிளேட்டுகள் ஹப்போடும் சுற்றும். இரண்டும் ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கியிருக்க, ஸ்பிரிங்குகள் பிரஷர் பிளேட் வழியாக அந்த அடுக்கை நெருக்கிப் பிடிக்கின்றன. லிவரைப் பிடித்தால் பிரஷர் பிளேட் விலகும், அடுக்கு தளரும். பெரும்பாலான பைக்குகளில் இவ்வளவும் என்ஜின் ஆயிலுக்குள்ளேயே நடக்கிறது.

சரி, எவ்வளவு விலகும்? ஐந்து உராய்வு பிளேட் உள்ள ஒரு சிறிய பைக்கை எடுத்துக்கொள்வோம். கணக்குக்காகப் பிரஷர் பிளேட் 1.5 மி.மீ. விலகுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பிளேட்டுக்குப் பத்துப் பக்கங்கள், ஆக பத்து இடைவெளிகள். பங்கு பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 0.15 மி.மீ. சாதாரண எழுதும் தாளின் தடிமன் சுமார் 0.1 மி.மீ. என்ஜினையும் சக்கரத்தையும் பிரித்து வைக்க நமக்குக் கிடைப்பது ஒன்றரைத் தாள் அகலமுள்ள இடம், அவ்வளவே.

இனி லிவர் பக்கம் வருவோம். தொடக்கத்தில் சும்மா ஆடும் தூரம் போக, லிவரின் நுனி 60 மி.மீ. பயணம் செய்து பிரஷர் பிளேட்டை 1.5 மி.மீ. விலக்குகிறது என்றால் விகிதம் 40-க்கு 1. பழைய பிளேட்டுகள் ஒவ்வொன்றும் 0.1 மி.மீ. தேய்ந்திருந்தன என்று கொள்வோம். புது செட் போட்டதும் அடுக்கு மொத்தமாக 0.5 மி.மீ. தடிக்கிறது, பிரஷர் பிளேட்டும் அந்த அளவுக்குத் தள்ளி உட்காருகிறது. நாற்பதால் பெருக்குங்கள்: லிவர் நுனியில் 20 மி.மீ. கூடுதல் ஃபிரீ பிளே, அதாவது வேலை தொடங்கும் முன் லிவர் சும்மா ஆடும் தூரம்! கேபிளோ தேய்ந்த பிளேட்டுக்குத் தோதாக வைத்த நிலையிலேயே இருக்கிறது. முன்பு 15 மி.மீ. ஆடிவிட்டு வேலையைத் தொடங்கிய லிவர், இப்போது 35 மி.மீ. சும்மா ஆடிவிட்டுத்தான் தொடங்கும். விலகலில் மிஞ்சுவது 1 மி.மீ., ஒரு இடைவெளிக்கு 0.1.

அப்போதும் பிளேட்டுகள் தொட்டுக்கொள்ளவில்லையே, வண்டி ஏன் இழுக்க வேண்டும்? காரணம் இடையிலிருக்கும் ஆயில். ஒரு பிளேட் சுற்ற, பக்கத்துப் பிளேட் நிற்க, நடுவிலுள்ள ஆயில் ஏடுகள் ஒன்றையொன்று இழுக்கின்றன. இந்த இழுவை ஆயிலின் பாகுத்தன்மைக்கும் சுழற்சி வேக வித்தியாசத்துக்கும் நேர்விகிதம், இடைவெளிக்கு எதிர்விகிதம். 0.15 மி.மீ. 0.1 ஆனால் இழுவை ஒன்றரை மடங்கு.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இனிதான் வருகிறது. மொத்த விலகல் போதுமானதாக இருந்தாலும், அது எல்லா இடைவெளிக்கும் சமமாகப் பகிரப்பட வேண்டும். இரண்டே இடைவெளிகளை எடுத்துப் பாருங்கள். இரண்டும் 0.15 மி.மீ. என்றால் மொத்தம் 0.3. அதே 0.3-ஐ 0.05, 0.25 என்று பிரித்தால்? அகன்ற பக்கத்தில் இழுவை குறையும், குறுகிய பக்கத்தில் மூன்று மடங்காக எகிறும். கூட்டிப் பார்த்தால் சமமாக இருந்தபோது இருந்ததைப் போல ஏறத்தாழ 1.8 மடங்கு! அகன்ற இடத்தில் கிடைக்கும் லாபத்தால் குறுகிய இடத்தின் நஷ்டத்தை ஒருபோதும் ஈடுகட்ட முடியாது. பத்து இடைவெளியில் ஒன்று முரண்டு பிடித்தால்கூட அது ஒன்றே வண்டியை இழுக்கும்.

இந்த ஒரு கணக்கை மனதில் வைத்தால் மெக்கானிக்குகள் சொல்லும் பல விஷயங்களுக்குக் காரணம் விளங்கும். ஹவுசிங்கின் சுவரில் விரல்போல நீண்டிருக்கும் பாகங்களில் பிளேட்டின் பற்கள் இடித்து இடித்துப் பள்ளம் விழுந்திருந்தால் பிளேட் அதில் மாட்டிக்கொண்டு நகராது, அதன் பங்கு இடைவெளியைப் பக்கத்துப் பிளேட் தின்றுவிடும். விரலின் ஓரத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். படிபடியாகத் தட்டினால் சந்தேகமே வேண்டாம். புது பிளேட்டுகளை ஆயிலில் ஊறவைக்காமல் போட்டாலும் சில ஒட்டிக்கொண்டு நிற்கும். ஸ்டீல் பிளேட் சூட்டில் வளைந்திருந்தால் ஒரே இடைவெளி ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் இருக்கும். தட்டையான கண்ணாடிமேல் வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பார்க்கலாம். எத்தனை மி.மீ. வரை வளைவு ஏற்கத்தக்கது என்பது உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். வெறும் உராய்வு பிளேட்டை மாற்றிவிட்டு, சூட்டில் நீலம் பாய்ந்த பழைய ஸ்டீல் பிளேட்டை அப்படியே போடுவது நல்ல யோசனை இல்லை.

உராய்வையும் தேய்மானத்தையும் ஆராயும் துறைக்கு ட்ரைபாலஜி என்று பெயர். 1966-இல் பிரிட்டனில் வெளிவந்த ஜோஸ்ட் அறிக்கை, இவற்றைச் சரியாகக் கையாளாததால் ஒரு நாடு எவ்வளவு பணத்தை வீணாக்குகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டியது. அதன் பிறகும் இந்தத் துறைக்குக் கிடைக்க வேண்டிய கவனமும் நிதியும் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். ராக்கெட்டுக்குக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த ராக்கெட்டின் பேரிங்கும் உராய்வை அடக்கினால்தான் சுற்றும்.

வாசகரின் வண்டிக்கு வருவோம். முதலில் கேபிள். லிவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. ஃபிரீ பிளே இருக்கட்டும் என்று பல கையேடுகள் சொல்கின்றன, உங்களுடையதைப் பார்த்து வையுங்கள். பிறகு என்ஜினை நன்றாகச் சூடாக்குங்கள். வழக்கமான 40 கிரேடு ஆயிலின் பாகுத்தன்மை 40 டிகிரி செல்சியஸில் இருப்பதைவிட 100 டிகிரியில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான். காலையில் மட்டும் முதல் கியர் ‘டக்’கென்று விழுந்து, சூடானதும் சரியாகிறது என்றால் அது ஆயிலின் இயல்பு.

சூடான பிறகு சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, கிளட்ச்சைப் பிடித்தபடி முதல் கியர் போடுங்கள். பின்சக்கரம் மெதுவாகச் சுற்றினால் பதற வேண்டாம், ஆயில் இழுக்கிறது. பின் பிரேக்கை மெல்ல அழுத்துங்கள், கையைச் சக்கரத்தருகே கொண்டு போகாதீர்கள். சக்கரம் சாதுவாக நின்று, என்ஜின் சத்தம் மாறாமல் ஓடினால் கிளட்ச் பிரிகிறது. என்ஜின் திணறினாலோ அணைந்தாலோ பிளேட்டுகள் பிரியவே இல்லை. கவரை மறுபடி கழற்றத்தான் வேண்டும். பிளேட் எண்ணிக்கை, அடுக்கு வரிசை, பிரஷர் பிளேட்டைத் தள்ளும் புஷ் ராடு விடுபட்டதா என்று பாருங்கள். சில வண்டிகளில் கடைசி உராய்வு பிளேட்டுக்கு ஹவுசிங்கில் தனிக் காடி உண்டு, அதையும் கவனியுங்கள்.

நேர்மாறான கோளாறும் வரும்: ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் என்ஜின் அலறுகிறது, வேகம் ஏறவில்லை. இது ஸ்லிப். கிளட்ச் தாங்கும் திருப்புவிசை என்பது உராய்வுப் பக்கங்களின் எண்ணிக்கை, உராய்வுக் குணகம், ஸ்பிரிங் விசை, சராசரி ஆரம் ஆகிய நான்கின் பெருக்கல். பத்துப் பக்கம், 0.12, 1000 நியூட்டன், 0.05 மீட்டர் என்றால் 60 நியூட்டன் மீட்டர். என்ஜின் 12 கொடுத்து, என்ஜினுக்கும் கிளட்ச்சுக்கும் நடுவிலுள்ள பிரைமரி கியர் அதை மூன்று மடங்காக்கினால் கிளட்ச்சுக்கு வருவது 36. தாராளமாகத் தாங்கும். ஆனால் உராய்வைக் குறைக்கும் சேர்மானமுள்ள கார் ஆயிலை ஊற்றி, குணகம் 0.07-க்கு இறங்கிவிட்டால்? 35. வழுக்கத் தொடங்கிவிடும். இதைத் தடுக்கத்தான் 1998-இல் ஜப்பானில் பைக் ஆயிலுக்கென ஜாசோ (ஜப்பானிய வாகனத் தர அமைப்பு) தரநிர்ணயம் வந்தது. ஆயிலில் மூழ்கிய கிளட்ச்சுக்கு டப்பாவில் எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்க வேண்டும். எம்பி என்பது உராய்வு குறைந்த ரகம்.

ஆயில் சரியாக இருந்தும் வழுக்கினால் இரண்டைப் பாருங்கள். கேபிளில் ஃபிரீ பிளேயே இல்லாவிட்டால் லிவரைத் தொடாதபோதும் பிளேட்டுகள் முழுக்க இறுகாமல் போகலாம். அல்லது பிரஷர் பிளேட்டின் பற்கள் ஹப்பின் காடியில் இறங்காமல் பல்மேல் பல்லாக உட்கார்ந்திருக்கலாம். போல்ட்டெல்லாம் இறுகிவிடும், அடுக்கு மட்டும் இறுகாது. கவரை மூடும் முன் உராய்வு பிளேட்டுகளை விரலால் ஆட்டிப் பாருங்கள், தளர்வாக ஆடவே கூடாது.

“ஓட ஓட செட் ஆகிவிடும்” என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். புதுப் பரப்புகள் ஒன்றுக்கொன்று பழக முதல் சில நூறு கிலோமீட்டர் ஆகும் என்பது உண்மைதான், அதற்குப் பிறகு ஃபிரீ பிளேயை மறுபடி சரிபார்ப்பது அவசியம். வழுக்கும் கிளட்ச்சும் இழுக்கும் கிளட்ச்சும் அப்படிப் பழகுவதில்லை. அவை சூடாகும், சூட்டில் ஸ்டீல் பிளேட் வளையும், வளைந்தால் இடைவெளி இன்னும் கோணும். ஆகவே சந்தேகம் தீரும்வரை அந்த வண்டியை நெரிசலில் எடுக்காதீர்கள்.