எம்சிபி விழாது, சாக்கெட் கருகும்

வேலூரிலும் சுற்றுப்பக்கத்திலும் வயரிங் வேலைக்குப் போகிற வீடுகளில் அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "எம்சிபி எல்லாம் போட்டுத்தானே வெச்சிருக்கோம், அப்புறம் எப்படி சாக்கெட் கருகுது?" நியாயமான கேள்விதான். எம்சிபி என்பது போர்டில் இருக்கிற, தானாக விழுந்து லைனை அணைக்கிற சுவிட்ச். அது நல்லதாகவே இருக்கும், ஒழுங்காக வேலையும் செய்துகொண்டிருக்கும். ஆனால் அது பார்ப்பது கரண்ட் ஒன்றை மட்டும்தான். அளவுக்கு மேல் கரண்ட் போனால் விழும், போகாவிட்டால் பேசாமல் இருக்கும். கரண்ட் அளவோடு ஓடும்போதே வருகிற ஆபத்துகள் அதன் கணக்கிலேயே வராது.

இதைப் புரிந்துகொள்ளப் பள்ளியில் படித்த மூன்று சொற்கள் போதும். மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை. எங்கள் பேச்சில் வோல்டேஜ், கரண்ட், ரெசிஸ்டன்ஸ். தண்ணீர்த் தொட்டி, குழாய் என்கிற உதாரணம் பாடப்புத்தகத்திலேயே இருப்பதால் நான் வீட்டுக் கீசரை வைத்தே சொல்கிறேன்.

கரண்டைக் கொண்டுவருகிற ஃபேஸ் ஒயருக்கும் அது திரும்பிப் போகிற நியூட்ரல் ஒயருக்கும் இடையில் 230 வோல்ட் இருக்கிறது. சுவிட்சைப் போட்டாலும் இருக்கும், போடாவிட்டாலும் இருக்கும். 2000 வாட் கீசரின் ஹீட்டர் காயிலுக்கு ரெசிஸ்டன்ஸ் ஏறக்குறைய 26.5 ஓம். 230-ஐ 26.5-ஆல் வகுத்தால் 8.7 வருகிறது. சுவிட்சைப் போட்டதும் ஓடுகிற கரண்ட் அந்த 8.7 ஆம்பியர்தான். வோல்டேஜை ரெசிஸ்டன்ஸால் வகுத்தால் கரண்ட். ஜெர்மனியில் பள்ளி வாத்தியாராக இருந்த கியோர்க் ஓம் 1827-இல் புத்தகமாக வெளியிட்டது இந்த உறவைத்தான். கம்பத்திலிருந்து இத்தனை ஆம்பியர் என்று யாரும் அனுப்பி வைப்பதில்லை. நாம் மாட்டுகிற பொருளின் ரெசிஸ்டன்ஸ் எவ்வளவோ அதற்குத் தகுந்த கரண்ட் ஓடுகிறது.

இப்போது சாக்கெட்டுக்கு வருவோம். அந்த 8.7 ஆம்பியர் காயிலில் மட்டும் ஓடுவதில்லை. எம்சிபியின் ஸ்க்ரூ, சுவருக்குள் போகிற ஒயர், சுவிட்ச், சாக்கெட்டின் பித்தளைக் கவ்வி, பிளக் பின் எல்லாம் ஒரே வரிசையில் இருக்கின்றன. எல்லாவற்றிலும் அதே கரண்ட்தான். எல்லா இணைப்பும் இறுக்கமாக இருந்தால் ஒவ்வொன்றின் ரெசிஸ்டன்ஸும் ஓமில் ஆயிரத்தில் சில பங்குதான், கணக்கிலேயே வராது. ஏதாவது ஒரு ஸ்க்ரூ தளர்ந்து, அந்த இடத்தில் மட்டும் அரை ஓம் உருவாகிவிட்டது என்று வையுங்கள். மொத்த ரெசிஸ்டன்ஸ் 27 ஓம் ஆகும். கரண்ட் 8.5 ஆம்பியருக்கு இறங்கும். ஆமாம், இறங்கும். எம்சிபியைப் பொறுத்தவரை லோடு கொஞ்சம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் அந்த அரை ஓமில் உண்டாகிற சூட்டைப் பாருங்கள். கரண்டை அதே கரண்டால் பெருக்கி, ரெசிஸ்டன்ஸாலும் பெருக்க வேண்டும். 8.5 பெருக்கல் 8.5 பெருக்கல் அரை. 36 வாட். ரேடியோ, டிவி ரிப்பேர் கடைகளில் ஈயம் உருக்குகிற சால்டரிங் அயர்ன் 25 அல்லது 35 வாட்தான். அப்படி ஒன்றைச் சுவருக்குள், மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் வைத்துத் தினமும் காலையில் அரை மணி நேரம் ஆன் பண்ணுவதும் இதுவும் ஒன்றுதான். சாதாரண பிவிசி ஒயர் தாங்குவது 70 டிகிரி. மே மாதம் நம் ஊரில் வெயிலே 40 டிகிரியைத் தாண்டி நிற்கிறது, மேற்குச் சுவர் ராத்திரிகூட ஆறுவதில்லை. ஆக, ஒயர் ஏற்கெனவே பாதிக்கு மேல் சூடாகத்தான் இருக்கிறது.

சத்துவாச்சாரி பக்கம் ஒரு வீட்டில் அப்படி ஒரு 16 ஆம்பியர் சாக்கெட்டைக் கழற்றினேன். முகப்பு வெள்ளையாகவே இருந்தது, ஒரு பின் ஓட்டையைச் சுற்றி மட்டும் டீக்கறை மாதிரி ஒரு வளையம். பின்பக்கம் நியூட்ரல் ஒயரின் தோல் இரண்டு அங்குலத்துக்குப் பழுப்பாகி, தொட்டதும் உதிர்ந்தது. உள்ளே செம்பு இழைகள் கருத்திருந்தன. ஸ்க்ரூவைத் திருப்பினால் முக்கால் சுற்று சும்மா சுற்றியது. இன்னொன்றும் பார்த்தேன். ஒயர் ஓட்டைக்குள் நுழையவில்லை என்று பாதி இழைகளை யாரோ வெட்டிவிட்டு மீதியை மட்டும் சொருகியிருந்தார்கள். இது எங்கள் தொழிலில் சர்வசாதாரணமாக நடக்கிற அநியாயம். இழை ஒயரை அப்படியே ஸ்க்ரூவுக்கு அடியில் கொடுக்காமல், முனையில் லக்ஸ் என்கிற சின்ன உலோக முனையைப் போட்டு, நசுக்கிப் பிடிக்க வைத்து (கிரிம்ப் பண்ணி) இறுக்க வேண்டும். ஒரு லக்ஸ் என்ன விலை விற்றுவிடப் போகிறது? அதை மிச்சம் பிடித்து யாரும் பெரிய ஆள் ஆகவில்லை.

தளர்ந்த இணைப்பு தானாகச் சரியாவதில்லை. சூட்டில் உலோகம் விரியும், ஆறும்போது சுருங்கும், ஸ்க்ரூ இன்னும் கொஞ்சம் தளரும். சூட்டில் செம்பின் மேல் கருப்பு படியும், அதனால் ரெசிஸ்டன்ஸ் ஏறும், அதனால் சூடு ஏறும். பழைய வீடுகளில் அலுமினிய ஒயரோடு செம்பு ஒயரைக் கையால் முறுக்கி டேப் சுற்றியிருந்தால் இது இன்னும் வேகமாக நடக்கும். வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. கீசரோ அயர்ன் பாக்ஸோ கொஞ்ச நேரம் ஓடிய பிறகு சுவிட்சை அணைத்துவிட்டு, பிளக்கின் பிளாஸ்டிக் உடம்பைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைத்திருக்க முடியாத சூடு என்றால் அந்த சாக்கெட்டை அன்றைக்கே பயன்பாட்டிலிருந்து நிறுத்துங்கள். திறந்து பார்க்கிற வேலை மட்டும் உங்களுக்கு வேண்டாம்.

காட்பாடியில் ஒரு அம்மா கேட்டார்: "இன்னா தம்பி, டெஸ்டர் நல்லா எரியுது, கீசர் மட்டும் சூடாவல?" டெஸ்டர் எரிந்தால் கரண்ட் வருகிறது என்று நம்புவதில்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். டெஸ்டருக்குள் ஒரு சின்ன நியான் பல்பும், அதோடு வரிசையாக லட்சக்கணக்கான ஓம் ரெசிஸ்டரும் இருக்கின்றன. அதில் போகிற கரண்ட் ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவு. வழியில் ஒரு கெட்ட ஜாயின்ட் இருந்து அதன் ரெசிஸ்டன்ஸ் ஆயிரம் ஓமாகவே இருந்தாலும், இவ்வளவு சின்னக் கரண்டுக்கு அங்கே ஒரு வோல்ட்கூட விழாது. டெஸ்டர் பிரகாசமாக எரியும். கீசரை ஆன் பண்ணினால் கதை மாறும். ஆயிரம் ஓமும் 26 ஓமும் வரிசையில் நின்றால் 230 வோல்ட்டில் பெரும்பகுதியை அந்த ஜாயின்ட்டே தின்றுவிடும், கீசருக்கு ஆறு வோல்ட்கூடத் தேறாது. அதனால்தான் லோடு ஓடும்போது மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும் என்கிறோம். டெஸ்டரை மட்டும் வைத்துக்கொண்டு "லைன் ஓகே சார்" என்று சொல்பவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

ஒயரின் ரெசிஸ்டன்ஸும் சில இடங்களில் கணக்குக்கு வரும். எங்கள் பக்கம் அணைக்கட்டு, ஒடுகத்தூர் என்கிற ஊர்களில் விவசாயக் கொல்லைகளில் மீட்டர் ஓர் இடத்திலும் போர்வெல் ஓர் இடத்திலும் இருக்கும். நூறு மீட்டர் தூரம் என்றால் போக நூறு, வர நூறு. 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயராக இருந்தால் மொத்தம் 3.6 ஓம். சிங்கிள் ஃபேஸ் மோட்டார் 10 ஆம்பியர் எடுத்தால் வழியிலேயே 36 வோல்ட் காலி. 2.5 ஒயர் போட்டால் 15 வோல்ட்தான் போகும். இது மோட்டார் ஓடும்போது. கிளம்புகிற நொடியில் நாலைந்து மடங்கு கரண்ட் கேட்கும், அப்போது வோல்டேஜ் விழுவதும் அந்த அளவுக்குக் கூடும். மோட்டார் உறுமிக்கொண்டே நிற்கும், ஓடாது. போருக்குள் இறங்குகிற முந்நூறு, நானூறு அடி கேபிளை இந்தக் கணக்கில் சேர்க்க எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மறந்துவிட்டு, லைனில் லோ வோல்டேஜ் என்று பழியை வேறு பக்கம் போடுகிறார்கள்.

வோல்டேஜ் குறைந்தால் ஓம் கணக்குப்படி கரண்டும் குறைய வேண்டுமே, அப்புறம் லோ வோல்டேஜில் மோட்டார் காயில் ஏன் கருகுகிறது என்று கேட்கலாம். கீசரில் குறையத்தான் செய்யும். 190 வோல்ட்டில் அது 7 ஆம்பியர்தான் எடுக்கும், தண்ணீர் சூடாக நேரம் பிடிக்கும், வேறு கெடுதல் இல்லை. மோட்டார் அப்படியில்லை. சுற்றுகிற மோட்டார் தன் காயிலுக்குள்ளேயே ஓர் எதிர் வோல்டேஜை உண்டாக்குகிறது. கரண்டை அடக்கி வைத்திருப்பது அதுதான், காயிலின் சொந்த ரெசிஸ்டன்ஸ் சில ஓம் மட்டுமே. லோ வோல்டேஜில் சுழற்சி மந்தமானால் அந்த எதிர்ப்பு தளர்ந்து கரண்ட் ஏறும். கரண்ட் இரண்டு மடங்கானால் காயிலில் சூடு நான்கு மடங்கு. ஸ்டார்ட்டரில் இருக்கிற, கரண்ட் ஏறினால் மோட்டாரை அணைக்கிற ஓவர்லோடு ரிலேயை மோட்டாரின் ஆம்பியருக்குச் சரியாக வைத்திருந்தால் அது காப்பாற்றும். அடிக்கடி விழுகிறது என்று அதைத் திருகி உச்சத்தில் வைத்துவிட்டால், அப்புறம் ரீவைண்டிங் கடைக்குத்தான் போக வேண்டும்.

அடுத்து மனித உடம்பு. காய்ந்த கையின் ரெசிஸ்டன்ஸ் பல ஆயிரம் ஓம் இருக்கும். வியர்த்து நனைந்த கை, ஈரத் தரையில் வெறுங்கால் என்றால் ஏறக்குறைய ஆயிரம் ஓம். 230-ஐ ஆயிரத்தால் வகுத்தால் 0.23 ஆம்பியர். நெஞ்சு வழியாகப் போனால் உயிரை எடுக்க இதில் பாதிகூட வேண்டியதில்லை. வீட்டில் இருக்கிற ஆகச் சின்ன எம்சிபி 6 ஆம்பியர் என்றாலும் இது அதில் 26-இல் ஒரு பங்குதான். அதற்கு இது ஒரு சின்ன பல்பு எரிகிற அளவு, விழக் காரணமே இல்லை.

வெயில் காலத்தில் இரும்பு பாடி ஏர்கூலர் வைத்திருக்கிற வீடுகளை நினைத்தால் எனக்குப் பயமாகவே இருக்கும். உள்ளே தண்ணீர், பம்ப், மோட்டார், வெளியே தகரம். தோல் உரிந்த ஒரு ஃபேஸ் ஒயர் பாடியைத் தொட்டால் போதும். பாடியிலிருந்து மண்ணுக்குப் போகிற எர்த் ஒயர் இருக்கிறதே என்பீர்கள். எர்த்துக்கும் ரெசிஸ்டன்ஸ் உண்டு. எர்த் வழி மொத்தமாக 2 ஓம் இருந்தால் 115 ஆம்பியர் பாயும், எம்சிபி கண நேரத்தில் விழும், கூலர் செத்துவிடும், ஆள் பிழைப்பார். ஆனால் நம் ஊரில் பல இடங்களில் பாறை மண். கோடையில் பாலாறே மணலாகக் கிடக்கும்போது வீட்டுக்குப் பின்னால் இருக்கிற எர்த் குழியில் ஈரம் எங்கிருந்து வரும்? காய்ந்த மண்ணில் ரெசிஸ்டன்ஸ் 50 ஓமுக்கு ஏறிவிட்டது என்று வைத்தால் ஓடுகிற கரண்ட் 4.6 ஆம்பியர். 6 ஆம்பியர் எம்சிபிகூட விழாது. கூலர் பாடி முழுக்க 230 வோல்ட்டோடு நின்றுகொண்டிருக்கும், ஃபேனும் ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கும். ஆக, எர்த் குழிக்குக் கோடை முழுக்கத் தண்ணீர் ஊற்றுவதைச் சடங்கு என்று நினைக்காதீர்கள்.

இதற்குத்தான் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. ஃபேஸில் போனது எவ்வளவு, நியூட்ரலில் திரும்பியது எவ்வளவு என்று அது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டினால், பாடி வழியாகவோ ஆள் வழியாகவோ எங்கோ கசிகிறது என்று கணக்கிட்டு ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் அணைத்துவிடும். மேலே சொன்ன 50 ஓம் எர்த்திலும் இது விழும். ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல் என்று பிடித்தால் மட்டும் அதற்கும் தெரியாது, ஏனென்றால் போனதும் வந்ததும் சமம்.

நிறைய வீடுகளில் ஆர்சிசிபி பெட்டியில் இருக்கும், லைன் அதன் வழியாகப் போகாது. இன்வெர்ட்டர் மாட்ட வந்தவர் நியூட்ரலைக் கலந்து கொடுத்திருப்பார், அது சும்மா சும்மா விழும். "தொல்லையா இருக்குது, டைரக்டா குடுத்துடுணா" என்று வீட்டுக்காரரே சொல்லியிருப்பார். மாதம் ஒரு முறை அதில் இருக்கிற டெஸ்ட் பட்டனை அமுக்குங்கள். விழ வேண்டும், வீடு இருட்டாக வேண்டும். பட்டனை அமுக்கியும் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் ஒன்று கருவி போய்விட்டது, அல்லது லைன் அதன் வழியாக வரவில்லை.

எம்சிபிக்கும் ஆர்சிசிபிக்கும் இரண்டுக்குமே தெரியாத ஒன்று நியூட்ரல் கட். கோடை மழையோடு காற்றடித்து மரக்கிளை விழுந்து கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால், கம்பத்தில் வருகிற மூன்று ஃபேஸில் இரண்டு வேறு ஃபேஸில் இருக்கிற வீடுகள், ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் இடையில் இருக்கிற 400 வோல்ட்டுக்கு நடுவே வரிசையாக மாட்டிக்கொள்ளும். ஒரு வீட்டில் 2000 வாட் கீசர் மட்டும் ஓடுகிறது, 26 ஓம். அடுத்த வீட்டில் டிவியும் விளக்குமாக 200 வாட், 265 ஓம் என்று வையுங்கள். ரெசிஸ்டன்ஸ் அதிகமான பக்கத்தில்தான் வோல்டேஜ் அதிகம் விழும். கீசர் வீட்டுக்கு 36 வோல்ட், டிவி வீட்டுக்கு 364. சிக்கனமாக இருந்த வீட்டுக்குத்தான் அடி. விளக்கு திடீரென்று பளீரென எரிந்தாலோ, ஒரு விளக்கு பளீரென்றும் இன்னொன்று மங்கலாகவும் எரிந்தாலோ யோசிக்காமல் மெயினை அணையுங்கள். ஓவர் வோல்டேஜில் தானே அணைக்கிற கருவியும் கிடைக்கிறது, புது போர்டு போடும்போது கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அப்புறம் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள். கம்பத்து வேலை அவர்களுடையது, எங்களை ஏறச் சொல்லாதீர்கள்.