அசைலம்

மனநலச் சிகிச்சையின் அவலத்தைக் காட்டும் ஆவணப்படங்களில் அடிக்கடி காதில் விழும் ஆங்கிலச் சொல் இது. தமிழில் பெரும்பாலும் 'பைத்தியக்கார விடுதி' என்று போட்டுவிடுகிறார்கள். மூலச் சொல்லில் பைத்தியமும் இல்லை, விடுதியும் இல்லை.

கிரேக்கத்தில் 'சீலோன்' என்றால் ஒருவரையோ அவர் பொருளையோ பிடித்துக்கொண்டு போகும் உரிமை. முன்னால் 'அ' சேர்ந்தால், நம் அநீதியில் வருகிற மாதிரி, அது இல்லையென்று ஆகிவிடும். கோயிலுக்குள் ஓடிப் புகுந்தவரை யாரும் தொடக்கூடாது. அந்த இடம் 'அசீலோன்'. லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல், பிறகு மனநோயாளிகளை வைத்துப் பராமரிக்கும் இடத்துக்கும் பெயரானது.

1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு மாறிய சென்னை அசைலம், 1922இல் அரசு மனநோய் மருத்துவமனை ஆயிற்று. பெயர் மாறி என்ன? ஊர்ப்பெயரே வசவாகிவிட்டது. "ஏல, கோட்டி பிடிச்சிட்டா? ஒன்னயக் கீழ்ப்பாக்கத்துக்குத்தாம்ல அனுப்பணும்" என்று திருநெல்வேலியிலும் சொல்வார்கள். கோட்டி என்றால் நம் பக்கம் பைத்தியம். கேட்கும்போதெல்லாம் எனக்குக் குறளின் 'ஒருபால் கோடாமை'தான் நினைவுக்கு வரும். கோடுதல் என்றால் வளைதல். வளைந்ததை நிமிர்த்தலாம் என்ற நம்பிக்கையாவது அதில் இருக்கிறது. ஆனால் திட்டுகிறவர் இதையெல்லாம் யோசித்தா திட்டுகிறார்?

அமெரிக்காவின் பிரிட்ஜ்வாட்டர் மருத்துவமனைக்குள் எடுத்த 'டிட்டிகட் ஃபாலீஸ்' என்ற ஆவணப்படம் 1967இல் வந்தது. நோயாளிகளை நிர்வாணமாக அறையில் அடைத்து வைத்திருப்பதை அதில் பார்க்கலாம். அவர்களின் அந்தரங்கத்தைக் காரணம் காட்டி, 1991 வரை பொதுமக்கள் பார்க்க முடியாதபடி தடுத்தன மாசசூசெட்ஸ் நீதிமன்றங்கள்.

தமிழில் 'காப்பகம்' என்று எழுதலாம். ஆனால் அந்தச் சொல்லும் அடிபட்டதுதான். ஏர்வாடியில் (நாங்குநேரிப் பக்கத்து ஏர்வாடி இல்லை, ராமநாதபுரத்து ஏர்வாடி) 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிக் கிடந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்களே, அந்தக் கொட்டகைக்கும் காப்பகம் என்றுதான் பெயர். மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சொல்கிறது.

சரி, எதை எழுதுவது? நாடு விட்டு ஓடி வந்தவர் கேட்கும் அசைலம் அடைக்கலம், அல்லது புகலிடம். பழைய கட்டடத்தைப் பற்றிய வரலாறு என்றால் மனநோயாளர் காப்பகம். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கி டாக்டரைப் பார்க்கிற இடத்துக்கு இதில் எதுவும் வேண்டாம். அது மனநலப் பிரிவு.